நூற்றெண்பத்தேழாம் தலைக்கட்டு

புதன்கிழமை பன்னிரண்டரை மணிக்கே அந்தப் பெண் வந்துவிட்டாள். நான் உள்ளே கூப்பிடவில்லை. மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

பாப்பிரெட்டிப்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே, உரக்கடை மாடியில் இருக்கிறது என் அலுவலகம். முப்பத்தைந்து வருடம் காவல்துறையில் இருந்துவிட்டு, ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நடத்தும் துப்பறியும் அலுவலகம். இங்கே சில ஒழுங்குகள் உண்டு. ராகுகாலத்தில் புது வழக்கு எடுப்பதில்லை.

மணி ஒன்றரை ஆனது.

"முடிஞ்சிருச்சு சார். கூப்பிடட்டுங்களா?" என்றாள் ஜோஸ்பின்.

"இன்னும் நாலு நிமிஷம்."

"அந்த நாலு நிமிஷம் எதுக்குங்க? ராகுவுக்கு ஓவர்டைமா?"

"எங்க வூட்டு வழக்கம்."

பாம்பின் தலை வளைக்குள் போனாலும் வால் கொஞ்ச நேரம் வெளியே கிடக்கும், அதுவும் போகட்டும், பிறகு வேலையைத் தொடங்கு என்பார் என் அப்பா சென்னப்பன். பங்காளிகள் யாரும் இதைக் கடைப்பிடிப்பதில்லை. அப்பாவின் பிள்ளைகள் மட்டும் கடைப்பிடிப்போம். பிள்ளைகள் இரண்டு பேர். அண்ணன் மாரப்பன், நான் ராஜப்பன்.

ஜோஸ்பின் என் உதவியாளர். நாற்பத்திரண்டு வயது. பெங்களூரில் பன்னிரண்டு வருடம் டேட்டாபேஸ் வேலை பார்த்தவள். ஆட்குறைப்பில் வேலை போய் ஊர் திரும்பினாள். அவள் வேலையில் நான் குறை கண்டதில்லை. வாயில் கண்டிருக்கிறேன்.

ஒன்று முப்பத்துநாலுக்கு அந்தப் பெண் உள்ளே வந்தாள். சுவரில் இருந்த கடிகாரத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என் பேரு காவேரிங்க. காரிமங்கலத்துப் பக்கம். வூட்டுக்காரர் பேரு ஆண்டி. போன வருஷம் தவறிட்டாருங்க."

மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்த ஒரு சீட்டை மேஜைமேல் வைத்தாள். எங்கள் குலதெய்வம் காட்டம்மன் கோயிலில் வருடப் பொங்கலுக்குத் தரும் பானைச் சீட்டு. இரண்டு வருடத்துக்கு முந்தையது. 'தலைக்கட்டு எண் 187, ஆண்டி' என்று அச்சாகியிருந்தது.

எங்கள் பங்காளிகளில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பெரிய பூஜை. அன்று பட்டியலைச் சத்தமாகப் படிப்பார்கள். பெயர் வந்த குடும்பம் அன்றும், பிறகு வருடாவருடமும் பொங்கல் பானை வைக்கும். பெயர் வராதவன் பங்காளி இல்லை. தலைவன் செத்துப்போனாலும் அடுத்த பெரிய பூஜை வரைக்கும் அவன் பெயரிலேயே குடும்பம் பானை வைக்கலாம். அந்தப் பூஜை வருகிற ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணிக்கு.

"புதுப் பட்டியல்ல எங்க பேரு இல்லீங்க. கேட்டா, எப்பவுமே இருந்ததில்லைங்கறாங்க" என்றாள் காவேரி. "என் மக பூவிழிக்குக் கிருஷ்ணகிரியில பேசி முடிச்சிருக்குது. மாப்பிள்ளையோட மாமன் பூஜைக்கு வர்றாருங்க. பேரைக் காதால கேட்டுட்டுத்தான் தாம்பூலம் மாத்துவோம்னுட்டாங்க. பேரு வரலைன்னா எம்மக யாருக்குப் பொறந்தவளோன்னு பேசுவாங்க."

புதுப் பட்டியல் என்னிடமும் இருந்தது. அண்ணன் அனுப்பியது. 187 என்ற எண்ணில் மாதப்பன் என்று வேறொருவர் பெயர் இருந்தது.

"கோயில் தர்மகர்த்தா எங்க அண்ணன்" என்றேன். "அவர் பொறுப்புல தப்பு நடக்காதும்மா. கம்ப்யூட்டர்க்காரன் வேலையா இருக்கும்."

"தெரியுங்க. நீங்க அவரோட தம்பின்னு தெரிஞ்சுதான் வந்தேன்" என்றாள்.

அவள் போன பிறகு ஜோஸ்பின் பட்டியலை வாங்கி விரலால் கீழே இறங்கிக்கொண்டே போனாள். கடைசிப் பக்கத்தில் நின்றாள்.

"சார், இது எத்தனை வருஷத்துப் பட்டியல்?"

"மூணு வருஷத்துக்கு முன்னால ஏட்டுல இருந்து கம்ப்யூட்டருக்கு மாத்தினாங்க."

"மூணு வருஷத்துல உங்க பங்காளிங்க யாருமே சாகலையா? வாரிசு இல்லாம ஒரு குடும்பம்கூட அத்துப்போகலையா?"

"ஏன் போகாம? ஏழெட்டு இருக்கும்."

"டேட்டாபேஸ்ல ஒரு தடவ குடுத்த நம்பர் திரும்ப வராதுங்க. ஆளை எடுத்தா அந்த எடம் ஓட்டையாவே நிக்கும். இதுல ஒண்ணுல இருந்து நானூத்திப் பதினொண்ணு வரைக்கும் ஒரு ஓட்டை இல்ல. அறுபது வயசு வாயில ஒரு பல்லுகூட வுழலைன்னா அது சொந்தப் பல்லா, செட்டுப் பல்லா?"

"புதுசா செஞ்சதுங்கறியா?"

"ஒரு பேரை எடுத்தா ஓட்டை தெரியுமேன்னு, வாயையே மாத்திட்டாங்க சார்."

*

வியாழக்கிழமை பத்தரைக்குக் காரிமங்கலத்தில் இறங்கினோம். நவநீதனின் கம்ப்யூட்டர் சென்டர் சந்தைத் தெருவில் இருந்தது. கோயில் பட்டியலைப் பராமரிப்பது அவன்தான். முப்பது வயது, கறுப்புச் சட்டை. என்னைக் கண்டதும் எழுந்தான். காவல்துறையை விட்டு வந்து பத்து வருடமாகியும் என்னைப் பார்த்தால் சிலர் எழுந்துவிடுகிறார்கள். அது நல்லதுதான்.

சுவரில் தினசரி நாட்காட்டி இல்லை. நான் தேடுவதை அவன் கவனித்தான்.

"அதெல்லாம் நம்ம கடையில கிடையாது சார். நல்ல நேரம், கெட்ட நேரம் பாக்கறதில்ல. என் கல்யாணமே ராகுகாலத்துலதான் நடந்துச்சு."

"பொண்ணு ராகுகாலம் முடியறதுக்குள்ள மனசு மாறிடுவான்னு பயமா?" என்றாள் ஜோஸ்பின்.

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குமுன் கேட்டேன்.

"ஆண்டிங்கற பேரை ஏன் எடுத்தே?"

"எந்த ஆண்டி சார்? மூணு வருஷமா ஒரே டேட்டாபேஸ். நான் எதையும் தொடல."

"அப்ப அது எப்பப் பொறந்துச்சுன்னு காட்டுங்க" என்றாள் ஜோஸ்பின்.

தயங்கினான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு நேராக உட்கார்ந்தேன். திரையைத் திருப்பினான். இந்த டேட்டாபேஸ் இருப்பது அவன் கடையில் அல்ல, எங்கோ வாடகைக்கு எடுத்த சர்வரில். உருவாக்கிய தேதி அதிலேயே பதிந்திருக்கும், யாரும் திருத்த முடியாது என்று ஜோஸ்பின் சொன்னாள்.

தேதி, மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை. நேரம், 6.34.

"சர்வர் பழசாயிருச்சுன்னு புதுசு போட்டேன் சார். விடிகாலைல எந்திரிச்சு."

"விடிகாலை இல்லைங்க. அந்த மெஷின் லண்டன் கடிகாரத்தைப் பாக்குது. அஞ்சரை மணி நேரம் கூட்டணும்." ஜோஸ்பின் என் பக்கம் திரும்பினாள். "பன்னெண்டு மணி நாலு நிமிஷம். இதுல ஒரு வேடிக்கை பாருங்க சார். யார் உள்ள வரலாம், யார் வரக்கூடாதுன்னு பூட்டுப் போடற வேலையெல்லாம் பத்து இருபத்தெட்டுக்கே முடிஞ்சிருச்சு. அப்புறம் ஒரு பட்டனை அமுக்கணும், அவ்வளவுதான். அதுக்கு ஒண்ணரை மணி நேரம் சும்மா உக்காந்திருக்காரு. அடுப்பு மூட்டி, உலை வெச்சு, அரிசியைக் கையில புடிச்சுக்கிட்டு நின்ன மாதிரி."

"கரண்ட் போயிருக்கும்" என்றான் நவநீதன்.

நான் கணக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடியும். ராகுகாலத்தில் தாலி கட்டியவன் ஒரு பட்டனுக்காகக் காத்திருக்கமாட்டான். பக்கத்தில் யாரோ உட்கார்ந்து அவன் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். அது மட்டுமென்றால் அந்த ஆள் எங்கள் நானூறு குடும்பங்களில் யாராகவும் இருக்கலாம்.

ஆனால் பன்னிரண்டுக்கு அமுக்கவில்லை. பன்னிரண்டு நாலுக்கு அமுக்கியிருக்கிறார்கள்.

"மாரப்பன் எந்த நாற்காலியில உக்காந்திருந்தார்?" என்று கேட்டேன்.

ஜோஸ்பின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நவநீதன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, இதுலதான் சார்."

*

அவனுக்குத் தெரிந்ததைச் சொன்னான். பூஜைக்காகப் பட்டியலை முழுசாக அச்சடித்து அண்ணனிடம் காட்டியிருக்கிறான். மறுநாளே அண்ணன் வந்தார். ஒரு குடும்பத்தை எடுக்கச் சொன்னார். எடுத்தால் ஓட்டை தெரியும் என்றதும், புதிதாக ஒன்றைச் செய், பழையதை அழித்துவிடு என்றார்.

"எதுக்குன்னு கேக்கலியா?"

"தர்மகர்த்தாவைக் கேள்வி கேக்க முடியுமா சார்?"

"ராகுவையே கேள்வி கேட்டவருக்கு தர்மகர்த்தா அவ்வளவு பயமா?" என்றாள் ஜோஸ்பின். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அழிக்கறப்ப, கடைசியா ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கட்டுமான்னு மெஷின் கேட்டிருக்குமே. என்ன சொன்னீங்க?"

அவன் வாசலைப் பார்த்தான். "எடுன்னு சொன்னேன். நாளைக்கு என் தலையில பழி வுழுந்தா?"

"அப்பாடா. பயந்தவன் வூட்லதான் சார் சாட்சி உயிரோட இருக்கும்."

ஸ்னாப்ஷாட் என்றால் என்ன என்று கேட்டேன்.

"கல்யாண வூட்ல எல்லாரையும் நிக்க வெச்சு போட்டோ எடுக்கறோமில்லீங்களா, அது மாதிரி. அப்புறம் எவன் சண்டை போட்டுட்டுப் போனாலும் போட்டோல இருப்பான். ஆனா இந்தப் போட்டோவைக் கையில வெச்சுப் பாக்க முடியாது. இதைக் கொண்டு அதே மாதிரி ஒரு டேட்டாபேஸைத் திரும்பக் கட்டணும். கட்டி முடிச்சு, கதவைத் திறந்து உள்ள போய்ப் பாக்கணும். இருபது நிமிஷம் ஆகும்."

ஜோஸ்பின் அமைப்புகளைப் பதிந்து தொடங்கிவைத்தாள். இந்த முறை யாரும் நேரம் பார்க்கவில்லை.

பதினைந்தாவது நிமிடத்தில் வாசலில் ஜீப் நின்றது. நவநீதன் எப்போது போன் செய்தானோ தெரியாது. அண்ணன் உள்ளே வந்தார். எழுபத்தொரு வயது. வேட்டியில் ஒரு மடிப்புக் கலையவில்லை. நான் எழுந்து நின்றேன்.

"ராஜப்பா, கெளம்பு. வூட்டுக்குப் போலாம்."

"வேலை இருக்குதுண்ணா."

"இதுக்குப் பேரு வேலையா? சொந்த வூட்டு அடுப்பை ஊதி ஊருக்குப் புகை காட்டறது?"

"யாருக்காக ஆண்டி பேரை எடுத்தீங்க?"

அவர் திரையைப் பார்த்தார். "அதை நிறுத்தச் சொல்லு."

"கூரை போட்டுக்கிட்டு இருக்காங்க பெரியவரே. பாதியில நிறுத்தினா மழை வந்துரும்" என்றாள் ஜோஸ்பின்.

"வேலைக்காரிய வாயை மூடச் சொல்லுடா."

"அவங்க என் உதவியாளர்ண்ணா. மரியாதையாப் பேசுங்க."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "உன் நல்லதுக்குச் சொல்றேன். தெறந்துட்டா மூடறதுக்கு உனக்குத் தெரியாது."

"தெறந்தாச்சு சார்" என்றாள் ஜோஸ்பின்.

187-ஐத் தேடினாள். வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள்.

"பெயர், ஆண்டி. தகப்பன் பெயர், மேட்டுவூடு..."

நிறுத்திவிட்டாள். மேட்டுவூடு என்பது எங்கள் வீடு. அவள் திரையை என் பக்கம் திருப்பினாள்.

தகப்பன் பெயர், மேட்டுவூடு சென்னப்பன். தாய் பெயர், முனியம்மாள், சித்தேரி. பதிந்தவர், சென்னப்பன், கைப்பட.

பழைய ஏட்டில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அப்படியே அடித்தேன் என்று நவநீதன் முணுமுணுத்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை.

"சாமை வாங்கணும், தெனை வாங்கணும்னு வருஷத்துல நாலு மாசம் சித்தேரி மலைக்குப் போவாரே. எதுக்குன்னு நெனச்சே?" என்றார் அண்ணன்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அம்மா சாகறப்ப சொன்னா. முப்பது வருஷம் ஆச்சு. அவளும் வாயைத் தெறக்காம இருந்தா. நானும் தெறக்கல. நீ அப்ப எங்கியோ திருடனைப் புடிச்சு மெடல் வாங்கிட்டு இருந்தே."

"இத்தனை வருஷம் பட்டியல்ல இருந்தவனை இப்ப ஏன் எடுத்தீங்க?"

"ஏட்டுல இருந்து பேரை மட்டுந்தான் படிப்போம். ஏடு என் பொட்டியில இருந்துச்சு, எவனும் பாக்கல. இந்த மெஷின் அப்பன் பேரு, ஆத்தா பேரு எல்லாத்தையும் அச்சடிச்சு நானூறு வூட்டுக்கும் குடுக்குது."

"ஏடு எங்கே?"

"கரையான் தின்னுருச்சு."

"கரையானா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மேட்டுவூட்டு மானத்தைச் சொமக்கறவங்க நாம ரெண்டு பேரு. அழிக்கச் சொல்லு ராஜப்பா. அப்பாவுக்குக் கொள்ளி வெச்ச கையால கேக்கறேன்."

ஜோஸ்பினைப் பார்த்து, கையை எடு என்றேன். அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு நிமிடம் அப்படியே போனது. அந்த ஒரு நிமிடம் நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்கமாட்டேன். அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். காவேரியிடம், கிடைக்கவில்லை அம்மா என்று சொல்லிவிடலாம். அவள் நம்புவாள். என் சொல்லை இந்த மாவட்டத்தில் நம்பாதவர்கள் குறைவு.

அந்த நினைப்புதான் சுட்டது.

"அண்ணா, ஏடு அப்பா கையில இருந்துச்சு. எழுதச் சொல்லி அவரை யாரும் கட்டாயப்படுத்தல. வேற பேரைப் போட்டிருக்கலாம். பேரே போடாம வுட்டிருக்கலாம். தன் கையால எழுதி வெச்சிருக்காரு."

"அதனால?"

"அவர் எழுதினதை அழிக்க நான் யாரு? நீங்க யாரு?"

ஜோஸ்பினிடம், பிரிண்ட் போடும்மா என்றேன்.

தாள் வெளியே வரும் வரைக்கும் அண்ணன் நின்றார். "ஞாயித்துக்கெழமை நான்தான் படிக்கறேன். நான் படிக்கறதுதான் பட்டியல். நூத்தி எம்பத்தேழு, மாதப்பன். மூணாம் நம்பர் உன் பேரு வருதான்னே பாத்துக்க. இனிமே என் வாசப்படியை மிதிக்காத."

ஜீப் போன பிறகு ஜோஸ்பின் மெதுவாகச் சொன்னாள். "உங்களை எடுத்தாலும் கவலைப்படாதீங்க சார். இப்ப இருக்கறதுக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வெச்சுட்டேன். நீங்க இருக்கீங்க. சிரிக்காமத்தான் இருக்கீங்க."

*

காவேரியின் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டேகால். மாந்தோப்பு ஓரமாகத் தனியாக நின்ற ஓட்டு வீடு. கதவைத் தட்டினேன்.

"யாருங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பெயரைச் சொன்னேன்.

"கொஞ்சம் உக்காருங்க. ராகுகாலம் முடியட்டும்."

வியாழக்கிழமை ராகுகாலம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை. துணி துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் வெயில் என் மேல்தான் விழுந்தது. ஜோஸ்பின் மாமரத்தடிக்குப் போய்விட்டாள். நான் நகரவில்லை.

மூன்று மணி ஆனது. எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். கதவு திறக்கவில்லை.

மறுபடியும் தட்டக் கை ஓங்கினேன். ஓங்கிய கையில் கடிகாரம் இருந்தது. மூன்று ஒன்று. கையை இறக்கிக்கொண்டேன்.

மூன்று நாலுக்குத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

"அவரு போட்ட வழக்கமுங்க" என்றாள் காவேரி. "நேத்து உங்க படியில என்னையும் உக்கார வெச்சீங்களே. கடிகாரத்தைப் பாத்தேன். அவரு உக்கார வெச்ச மாதிரியே இருந்துச்சு."

"உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"கல்யாணமான வருஷமே சொல்லிட்டாரு. மேட்டுவூட்டுப் பக்கம் தலையைத் திருப்பாத, நம்ம பேரு ஏட்டுல இருக்குது, அது போதும்னாரு. இருக்கற வரைக்கும் நான் திருப்பலீங்க."

தாளை நீட்டினேன். வாங்கினாள். ஆண்டி என்ற பெயர்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இது எனக்கு எதுக்குங்க? கண்டுபுடிச்சுக் குடுங்கன்னு உங்ககிட்ட வரல. நான் படிச்சா ஊரு சிரிக்கும். மேட்டுவூட்டு ஆம்பளை வாயில இருந்து வந்தாத்தான் கிருஷ்ணகிரிக்காரங்க நம்புவாங்க. நீங்க அழிச்சுட்டு வருவீங்களா, எடுத்துட்டு வருவீங்களான்னு பாக்கத்தான் வந்தேன்."

உள்ளே ஒரு பெண் நின்றிருந்தாள். பூவிழியாக இருக்கவேண்டும். அம்மா சைகை காட்டியதும் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அம்மா பூவிழி, நான் உனக்கு..."

"வேண்டாமுங்க" என்று காவேரி குறுக்கிட்டாள். "பெரியப்பன்னு சொல்றது பூஜையில, மைக்குல சொல்லுங்க. இங்க வேண்டாம். அதுவரைக்கும் நீங்க வேலையா வந்தவரு."

தண்ணீரைக் குடித்தேன். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஜோஸ்பினும் நானும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். அங்கே வந்ததும் கேட்டாள்.

"ஞாயித்துக்கெழமை உங்க அண்ணன் மைக்கைப் புடிச்சா வுடுவாரா சார்?"

"வுடமாட்டார். ஆனா அன்னைக்கு ராகுகாலம் நாலரையில இருந்து ஆறு. ஆறு நாலுக்கு முன்னால அவர் மைக்கைத் தொடமாட்டார்."

"நீங்க?"

தருமபுரி பேருந்து தூரத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. அறுபத்தெட்டு வருடம் நான் காத்திருந்த நிமிடங்களை நினைத்துக்கொண்டேன்.

"ஆறு மணிக்கு" என்றேன். "வால் வெளியிலயே கெடக்கட்டும்."